இறக்கை வெட்ட அனுமதி

அனுமதித் தாளில் எழுதியிருப்பது:
ஷுஷானிக் மெலிக்யான், ஆர்மீனிய நாட்டவள்.
இந்த ஆலை, இந்த முதலாளி,
இந்தச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது.
வேலை: கோழி இறக்கை வெட்டுவது.

நிமிடத்துக்கு இருபத்தாறு.
குளிரறையில் என் விரல்கள் எனக்குச் சொந்தமாவது
இடைவேளையில்தான்,
தேநீர்க் குவளையைச் சுற்றி.

பக்கத்தில் நின்றவள் யெய்மி, கொலம்பியாக்காரி.
தொடைப் பிரிவில் ஆள் இல்லையென்று
மேற்பார்வையாளன் அவளை அங்கே அனுப்பினான்.
ரெண்டு நாள் என்றான். ரெண்டு மாதம் ஆயிற்று.
சோதனைக்கு வந்தவர்கள்
தாளைப் பார்த்தார்கள், கத்தியைப் பார்த்தார்கள்,
மறுபடி தாளைப் பார்த்தார்கள்.
ஒரே கோழிதான்.
அதன் தொடைக்கும் இறக்கைக்கும் நடுவே
போலந்தின் எல்லை ஓடுகிறதென்று
அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.
முப்பது நாளில் அவளைக் கிளம்பச் சொன்னார்கள்.
அவனுக்கு அபராதமாம்.
கட்டிவிட்டு அடுத்த ஷிப்டுக்கு வந்துவிட்டான்.
அவளுடைய ரப்பர் காலணி
இன்னும் என் லாக்கருக்கு அடியில் கிடக்கிறது.
என் அளவு இல்லை.

பிட்கோஷ் அலுவலகத்தில், ஏழாம் ஜன்னலில்,
கண்ணாடித் தட்டு என் கைரேகையை ஏற்கவில்லை.
துடைத்து வையுங்கள் என்றாள்.
அழுத்தி வையுங்கள் என்றாள்.
உப்பும் பனிக்கட்டியும் தேய்த்தது போக
இடது மோதிர விரலில் கொஞ்சம்
நான் மிச்சமிருந்தேன்.
அதை வைத்து பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தினாள்.
முடிவு வரும்வரை இருக்கலாம்.
ஊருக்குப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்;
திரும்பி வருவது உன் பாடு.

தங்கையின் கல்யாணத்தைப் போனில் பார்த்தேன்.
அவளுடைய விவாகரத்தையும் போனில் கேட்டேன்.
முத்திரை அப்படியே இருந்தது.

கீழ்வீட்டு ஸ்வாவோமிர் பஸ் ஓட்டுபவர்.
ஒரு ஞாயிறு கொடுத்த காத்தா ரொட்டி பிடித்துப்போய்
மகளின் புதுநன்மை விருந்துக்கு
நாற்பது வேண்டுமென்று பணத்தை நீட்டினார்.
வாங்கினால் அது வேலை, என்றேன்,
என் தாளில் ரொட்டி இல்லை.
மாவும் வெண்ணெயும் அவர் வாங்கிவந்தார்.
விடிய விடியச் சுட்டேன்.
மறுநாள் வாசலில் பிளம் ஜாம், ஒன்பது பாட்டில்.
அடுத்த வாரம் உருளைக்கிழங்கு மூட்டை.
அதற்கப்புறம், பிரேக் சரிசெய்த ஒரு சைக்கிள்.
சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும்:
எத்தனையாவது பாட்டிலில்
அக்கம்பக்கம் கூலியாகிறது?

இருபத்து மூன்று மாதம் கழித்து அட்டை வந்தது.
படத்தில் இருப்பவள் என்னைவிடச் சின்னவள்,
நீள முடி, எதையோ கேட்க வாயெடுத்தவள்போல.
திருப்பிப் பார்த்தேன்.
செல்லுபடி இன்னும் ஐந்து மாதம்.
ஏழாம் ஜன்னல்காரி முதல்முறையாகச் சிரித்து
புதுப்பிக்கும் படிவத்தையும் சேர்த்தே நீட்டினாள்.
படிவம் இலவசம்.

திரும்பும்போது வந்தது ஸ்வாவோமிரின் பஸ்.
டிக்கெட் வேண்டாமென்று கண்ணாடியில் கையசைத்தார்.
எடுத்தேன்.
முதலாளி பெயர் இல்லை, நாட்டின் பெயர் இல்லை,
விரலும் கேட்கவில்லை.
கையில் வைத்திருப்பவருக்கு
அறுபது நிமிடம்,
எந்தத் திசைக்கும்.