குழியிலிருந்து வந்த கல்

மாதகலில் ஒரு மாங்கன்று வைக்க
முதலில் கல்லுடைக்க வேண்டும்.
முழங்கை ஆழம் போகுமுன்னே அலவாங்கு
ணங் என்று சொல்லிவிடும்.

நேசராணி மூன்று நாள் உடைத்தாள்.
மூன்றாம் நாள் மத்தியானம்
வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி,
"உங்களுக்குக் கல்லுத் தேவையெல்லோ,
வந்து தூக்குங்கோ, இனி எனக்கு ஏலாது" என்றாள்.

ஆட்டுக்குட்டி அளவில் ஒரு துண்டு.
சாக்கில் போட்டு இழுத்து வந்தேன்.
அங்கே மிஞ்சியது
அதே கல்லின் இல்லாமை,
ஒவ்வொரு மூலையும் பிசகாமல்.
நான் செய்திருந்தால் அதற்கொரு பெயர் வைத்திருப்பேன்.
அவள் பூவரசங்குழை போட்டு,
டிராக்டரில் வந்த செம்மண் கொட்டி,
ஏறி நின்று மிதித்து,
கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்றை நட்டாள்.

எனக்கு ஒரு பள்ளிக்கூடத்து ஓடர்:
வாசிக்கிற பெண்பிள்ளையின் முகம்.
நெற்றி வந்தது. மூக்கு, ஒருமாதிரி வந்தது.
கன்னத்தில் உளி இறங்கியபோது
உள்ளே ஒரு சிப்பி.
எந்தக் கடல் அதை ஊன்றிவிட்டுப் போனதோ.
எடுத்தால் பள்ளம். விட்டால் மரு.
இரண்டு கிழமை கல்லைத் தொடவில்லை.

அந்த இரண்டு கிழமையும்
மாங்கன்று ஒன்றும் செய்யாமல் நின்றது.
"பட்டுப்போச்சோ?" என்றேன்.
"வேர் இடம் பாக்குது. விடுங்கோ."
உமக்கெப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தவன்
என் கல்லை நினைத்து மூடிக்கொண்டேன்.

பிறகொரு நாள்
ஒட்டுக்குக் கீழே வெடித்த தளிரை
யோசிக்காமல் நறுக்கி எறிந்தாள்.
எனக்குக் கை கூசியது.
நான் வெட்டினது வெட்டினதுதான்.
அவள் வெட்டினதற்கு மரம் பதில் சொல்லும்,
சிலவேளை எதிர்த்தும்.

அதிபர் வந்தார். சுற்றிப் பார்த்தார்.
"மருவை எடுக்கேலாதோ?"
"ஏலாது."
தேத்தண்ணி குடித்துவிட்டு,
முற்பணம் இருக்கட்டும் என்று போய்விட்டார்.

முகத்தைப் பொட்டுக்குள்ளால் திருப்பிக் கொடுத்தேன்.
நேசராணி அதைத்
தண்ணீர்க் குழாய் நழுவாமலிருக்கப் பாரம் வைத்தாள்,
கன்றடியில், வானம் பார்த்தபடி.
கிணற்றுநீர் தினமும் கன்னத்தால் வழிகிறது.

இன்று போய்ப் பார்த்தேன்.
நான் கொத்தாமல் விட்ட பின்தலையில்
பச்சையாய்ப் பாசி,
மயிர் இருக்கவேண்டிய இடம் பார்த்து.
மேலே செந்நிறத்தில் நாலு இலை.
என் பெயரைப் பொறிக்க
உளி கொண்டுபோனேன்தான்.
எங்கே என்று தெரியாமல்
குழாயைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு வந்தேன்.