தீட்டு

புரட்டாசி பிறந்து மூன்றாம் நாள்.
கறிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று,
வாசலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தாயிற்று.
வேட்டைப் பருவம் முடிய இன்னும் பத்து நாள் பாக்கி.
நாள்காட்டிகள் ஒன்றையொன்று
கேட்டுக்கொள்வதில்லை.

கதிரேசனுக்கு இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
ஷமரேல் சரிவில் மானை இழுக்கும்போது
மான் நின்றுவிட்டது, இவர் போய்விட்டார்.
உரிக்க ஒரு கை போதுமாம்,
தீட்டத்தான் இரண்டு வேண்டுமாம்.

கோணிப்பையில் ஏழு கத்திகள்.
வீட்டுக்குள் வராதீர்கள் என்று
அவற்றிடம் சொன்னேன். அவரிடம் சொல்லவில்லை.
பின்பக்கக் குழாயடியில், லிச்சி மரத்துக்குக் கீழே
உட்கார்ந்தோம், நானும் ஏழு பேரும்.

கொழுந்தன் சிதம்பரம் க்யூர்பீப்பில் வாங்கிய
மின்சார எந்திரம் முதலில்.
பிளவுக்குள் வைத்து இழு, முடிந்தது என்றார்.
முடிந்துதான் போயிருக்கும்:
கரகரவென்று எஃகைத் தின்று
நுனியில் நீலம் பாய்ந்தது.
பத்து வருடம் தேயவேண்டியதைப்
பத்து நொடியில் தேய்த்துத் தந்தது.

ரோஸ் கறியின் அடிப்பக்கம் நன்றாக ஏறும் என்று
வேலிக்கு அந்தப்புறம் மரி-ஆஞ்ச் சத்தியம் செய்தாள்.
எங்கள் அம்மிக்கு இந்தத் தீவில் அந்தப் பெயர்.
எரிமலைக் கல், துளைத்துளையாய்.
அதில் உரசினால் அலகு பல்லிளிக்கும்.
அதுவும் தவிர
நாளைக் காலை அதில்தான் மஞ்சள் அரைக்கவேண்டும்.
கல்லுக்கு மேல் கீழ் தெரியாது.
கோவிந்தனுக்குத் தெரியும்.

மிச்சம் இருந்தது தண்ணீர்க்கல்.
நான் கணக்கெழுதும் ஹோட்டலில்
ஜப்பான் சமையல்காரர் விட்டுப்போனது:
ஒரு பக்கம் நானூறு, மறுபக்கம் ஆயிரம்.
கத்தி முதுகின் கீழே ஐந்து ரூபாய்க் காசு மூன்று அடுக்கினால்
கோணம் சரியாக வரும். பிறகு காசை எடுத்துவிடலாம்,
கைக்கு நினைவிருக்கும்.
அலகு வளையும் இடத்தில் பிடியைத் தூக்கவேண்டும்,
தூங்கும் பிள்ளையின் தலையைத்
தலையணைக்கு ஏற்றுகிற அளவு.
மறுபக்கம் பிசிறு விரலில் நெருடும்.
நெருடினால் திருப்பு.

போன வருடம் பேராசைப்பட்டேன்.
ஆறாயிரம் வரைக்கும் போய், கண்ணாடியாக்கி,
என் மூக்குத்தியை அலகில் பார்த்தேன்.
காகிதம் சத்தமில்லாமல் பிரிந்தது.
மானின் தோலில் வழுக்கிக்கொண்டே போனதாம்.
சவரத்துக்கா மான் வந்தது என்று
கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.
கூருக்கும் கொஞ்சம் பல் வேண்டும்.
ஆகவே ஆயிரத்தில் நிறுத்து.
பழைய தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு.
போதும்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில்
அகராதியைப் புரட்டியபோது பார்த்தேன்:
தீட்டு, கூராக்கு.
அடுத்த வரியில்
தீட்டு, தொடக்கூடாதது.
அச்சுப்பிழை என்று நினைத்து
வாத்தியாரிடம் கேட்காமலே வந்துவிட்டேன்.

ஆறாவதில் கட்டைவிரல் மாட்டியது.
சாம்பல் சேற்றில் ஒரு சிவப்புக் கோடு.
மாமிசம் ஒதுக்கிய மாதத்தில்
என் ரத்தம் எந்தக் கணக்கில் வரும்?
குழாயைத் திறந்துவிட்டேன்,
கணக்கு வாழைப்பாத்திக்குப் போயிற்று.

ஏழாவது புதுசு.
இன்னும் ஒரு மானையும் பார்க்காதது.
அதைச் சோதிக்கத் தோல் வேண்டும்,
கெட்டியான தோல்.
வீட்டுக்குள் ஒன்று இருந்தது:
சாமிக்கு வாங்கிய பரங்கிக்காய்.
வைத்த இடத்தில் கடித்தது கத்தி,
வழுக்கவில்லை.
ஒரே இழுப்பில் விதை வரைக்கும் மஞ்சள்.

ராத்திரி புளி ஊற்றிய பரங்கிக்காய்க் கறியைப்
பிசையும்போதெல்லாம் கட்டைவிரல் எரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மலையிலிருந்து போன்.
பின்னால் நாய்கள், லாரி, யாரோ சிரிப்பது.
ஆறும் வெண்ணெயாய் ஓடுகிறதே,
ஏழாவது எங்கே என்றார்.

சமையற்கட்டில் என்றேன்.
அது விரதம்.