மயில்துத்தம்

முந்நூற்றுப் பதினேழு ஆடுகளுக்கு இடம் தேடி
எவுடால்ட் முதல்முறை வந்தபோது
அறுவடை முடிந்து ஒன்பது நாள்.
"புல் எங்கே?" என்றான்.
உழுது உழுது, சீப்பால் வாரிய தலைபோல்
நான் வைத்திருந்த மண்ணில்
அவன் நாய்கூட உட்காரவில்லை.

பெனெடெஸ் மேட்டில், என் பத்தொன்பது ஏக்கரில்
அப்படித்தான் தொடங்கியது.

கலப்பையைக் கொட்டகைக்குள் தள்ளி
அதன்மேல் வெங்காயம் காயப்போட்டேன்.
கொடிகளின் ஊடே பார்லியும் குதிரைமசாலும் விதைத்தேன்.
பக்கத்துத் தோட்டத்து ஜெலாபெர்ட்
வேலியோரம் நின்று சொன்னார்:
"ரெமெய், உன் கணவர் இருந்தவரை
இங்கே ஒரு களை முளைத்ததில்லை."
உண்மைதான்.
ஒரு மண்புழுவும் நெளிந்ததில்லை.

மறு நவம்பரில் கிடை அமர்ந்தது.
புள்ளி விழுந்த முகங்கள்.
காலையில் வரிசைகளுக்கிடையே
மூட்டை பிரிந்த மிளகாய்ப் புழுக்கை.
ஒன்றை எடுத்து விரலால் நசுக்கி
முகர்ந்து பார்த்தேன்.
வயது அறுபத்து மூன்று. வெட்கமாயில்லை.

ஜனவரியில் ஓர் ஆடு தீனியைத் தொடவில்லை.
கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது.
அதன் மூத்திரத்தின் நிறம்
என் பீப்பாயில் இருந்த நிறம்.
மறுநாள் இன்னும் இரண்டு.
மருத்துவர் ரோசெர் ஈரலை அறுத்து
என் வெள்ளைத் தட்டிலேயே வைத்துக் காட்டினாள்.
"செம்பு" என்றாள்.

எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.
கொட்டகைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு
இன்னும் இருக்கிறது அந்த நீலம்.
முப்பத்தொரு கோடை,
அடிச்சாம்பல் நோய் அண்டாதிருக்க
சுண்ணாம்போடு கரைத்து முதுகில் சுமந்து
மயில்துத்தம் தெளித்தவள் நான்.
கணவர் அல்ல. அவருக்கு முதுகுவலி.
மழை கழுவிவிடும் என்று நினைத்தேன்.
மழை எதையும் கழுவுவதில்லை.
இலையில் இருந்ததை மண்ணுக்கு மாற்றும்,
அவ்வளவுதான்.

எவுடால்ட் சத்தம் போடவில்லை.
நோட்டில் மூன்று எண்களை அடித்தான்,
லாரியில் ஏற்றினான், போனான்.
மூன்று ஆட்டுக்குப் பணம் அனுப்பினேன்.
ஒன்றின் பணம் திரும்பி வந்தது, ஒரு வரியோடு:
அவள் கிழவி, பல்லில்லாதவள்.

இரண்டு குளிர்காலம் வரவில்லை.
மூன்றாவதில், மேல்தட்டுக்கு மட்டும்.
முன்பு வாதுமைத் தோப்பு அது,
என் தெளிப்பான் ஏறாத இடம்.
மண் ஆய்வுத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்து
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.
திருப்பித் தரவில்லை.

மொட்டு அவிழுமுன் கிளம்பவேண்டும் என்பது ஒப்பந்தம்.
கிளம்புவதற்கு முந்தைய இரவு
மின்வேலியின் பேட்டரி செத்துப்போனது.
காதில் எண்பத்தெட்டு எண் கொண்ட ஒருத்தி
பதினொரு கொடிகளை வழித்துத் தின்றிருந்தாள்.
பஞ்சுபோல் உப்பிய மொட்டு ஒன்றுகூட மிச்சமில்லை.
எவுடால்ட் தொப்பியைக் கழற்றினான்.
"மூன்றில் ஒன்று கழிந்தது" என்றேன்.
இருவரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் பத்தொன்பது, உறைபனி.
ஜெலாபெர்ட்டின் துளிர்களும் என் துளிர்களும்
ஒரே இரவில் தேயிலைத்தூளாயின.
மொட்டையடிக்கப்பட்ட பதினொன்று மட்டும்
கருகுவதற்கு எதுவும் இல்லாமல் நின்றன.
கணுவில் மொட்டுக்குப் பின்னால் இன்னொரு மொட்டு,
வீட்டுக்குள் ஆளிருந்தும் கதவைத் திறக்காதவர்போல.
மே மாதம் அது திறந்தது.

செப்டம்பரில் அந்தப் பதினொன்றும் தந்தது ஒன்றரைக் கூடை.
ஒன்றரைக் கூடையை வைத்துக் கொள்கை பேச முடியாது.
ஜெலாபெர்ட் வந்தார், எண்ணிப் பார்த்தார்,
தன் தோட்டத்துக்கு ஆட்டு வாடகை என்ன என்று கேட்டார்.
அவர் மண்ணையும் ஆய்வுக்கு அனுப்பச் சொன்னேன்.
கோபித்துக்கொண்டார்.

எவுடால்ட் ஒரு கொத்தை எண்பத்தெட்டுக்கு நீட்டினான்.
முகர்ந்தாள்.
திரும்பி, வேலியோரத்து முள்ளைக் கடிக்கப் போனாள்.

கீழ்வயலில் இன்னும் யாரையும் மேயவிடவில்லை.
அங்கே குதிரைமசால் தானாய் முளைத்துத் தானாய் மடிகிறது.
ஆண்டுக்கொருமுறை ஒரு பிடி மண்ணை
உறையிலிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறேன்.
செம்பின் எண் குறைகிறது.
என் வயது கூடும் வேகத்தில் அல்ல.