பூச்சிய விநாடி

தொண்ணூற்றொரு வீதம்.
திங்கட்கிழமை, வுப்பர்டால், ஆறாம் மாடி.
திரையிலுள்ள அந்தச் சிவப்பு எண்ணை
பேனாவின் பின்பக்கத்தால் தட்டுகிறார் ஓஸ்டர்காம்ப்,
முற்றிவிட்டதா என்று பூசணிக்காயைத் தட்டுவதுபோல.

நூறு பேர் தளத்துக்கு வருகிறார்கள்.
தொண்ணூற்றொரு பேர்
முதற் பக்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள்.
அவர் ஜெர்மனில் நீட்டி முழக்கியதை
நான் எனக்குள் இப்படி மாற்றிக்கொள்கிறேன்:
வந்த சனம் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போனால்
அது என்ன வீடு?

இந்த ஊர் மொழியில் இதற்குப் பெயர்
குதித்திறங்கும் வீதம்.
யன்னலுக்கு வெளியே
ஆற்றுக்கு மேலே வௌவாலாய்த் தொங்கிக்கொண்டு
போகிறது ரயில்.
ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதில்
சர்க்கஸ்காரர் விளம்பரத்துக்காக ஏற்றிய யானைக்குட்டி
இரைச்சல் பொறுக்காமல்
பெட்டியை முட்டி உடைத்து
ஆற்றில் குதித்தது.
சிராய்ப்போடு தப்பியது.
பால் பெட்டிகளில் அதன் பெயர் இருக்கிறது.
அன்றைக்குக் கடைசித் தரிப்பிடம்வரை போன எவருடைய பெயரும்
எனக்குத் தெரியாது.

எங்கள் வாடிக்கையாளர் ஒரு மருந்தகச் சங்கம்.
அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்:
இன்றிரவு எந்தக் கடை விழித்திருக்கும்,
தெரு, இலக்கம்,
மணி எந்தப் பக்கச் சுவரில்.

"கொஞ்சம் பிடித்து வையுங்கள்" என்கிறார்.
முடி உதிர்வு பற்றி ஒரு கட்டுரை போடலாம்.
வைட்டமின் வினாடி வினா.
மூலையில் துள்ளிக் கையசைக்கும் ஒரு கரடி.
ஹென்ரிகே எழுதிக்கொள்கிறாள்,
கரடிக்கு மட்டும் அடிக்கோடு இரண்டு.

நான் மணிவாரியாகப் பிரித்துப் பார்க்கிறேன்.
இரவு இரண்டிலிருந்து நாலு வரை
ஊர் தூங்கும் நேரத்தில்
மேடு மேடாய் மனிதர்கள்.
தங்கிய நேரம் என்ற நிரலில்
எல்லோருக்கும் பூச்சியம்.

பொறி அப்படித்தான் எண்ணும்.
ஒரு சொடுக்கிலிருந்து அடுத்த சொடுக்கு வரை
அதற்குக் காலம்.
அடுத்தது இல்லாதவன்
வந்ததற்கும் போனதற்கும் நடுவில்
ஒன்றுமே நடக்கவில்லை.

பெப்ரவரி பதினேழு.
இரண்டு நாற்பத்திரண்டு.
கைபேசி. பார்மென் பகுதி.
ஒரு பக்கம். பூச்சிய விநாடி.

நான்.

துஷ்யந்தன் இரவு வேலைக்குப் போயிருந்தார்.
ஆரணி நாய்க்குட்டி குரைப்பதுபோல் இருமினாள்,
ஒவ்வொரு இருமலுக்கும் நெஞ்சுக்குழி உள்ளே போய் வந்தது.
தெருப் பெயரை மூன்று தரம் வாசித்தேன்.
மூன்று தரமும் தலையில் நிற்கவில்லை.
திரையை அணைக்காமலே
இரவுச் சட்டைக்கு மேல் குளிர்க்கோட்டு,
கோட்டுக்குள் அவள்,
உருகிப் பாதி உறைந்த பனியில்
பத்தொன்பது நிமிடம்.
அந்தப் பக்கம் என் கையிலேயே
எரிந்துகொண்டு வந்தது.
பாதி வழியில், குளிர்காற்றுக்கோ என்னவோ,
இருமல் தணிந்தது. நான் நிற்கவில்லை.

கதவிலொரு சின்னத் துவாரம் திறந்தது.
தலையணை மடிப்பு பதிந்த ஒரு கன்னம்,
ஒரு கை, ஒரு பெட்டி.
இரவுக் கட்டணம் இரண்டரை ஈரோ.
"முதலில் நீங்கள் மூச்சு விடுங்கள்" என்றது கன்னம்.

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லவில்லை.
கரடி வேண்டாம் என்றேன்.
எழுத்தைப் பெரிதாக்குவோம், படங்களை எடுப்போம்,
முகவரி முதல் வரியிலேயே நிற்கட்டும்.
"பிறகு அவர்கள் ஏன் இருக்கப் போகிறார்கள்?"
என்று கேட்டார் ஓஸ்டர்காம்ப்.
உண்மையாகவே கேட்டார்.
நான் பதிலைத் தேடுவதற்குள்
அவருடைய அடுத்த கூட்டம் தொடங்கிவிட்டது.
அந்த அவசரத்தில் சரி என்று தலையாட்டிவிட்டார்.

மார்ச் அறிக்கை இன்று வந்தது.
தொண்ணூற்றுநான்கு.
முன்னையதைவிட அழுத்தமான சிவப்பு.
மூன்று வீதம் கூட.
யாரோ சப்பாத்து நாடாவைக் கட்டாமலே
ஓடியிருக்கிறார்கள்.