நுகர்வு: பூஜ்யம்

கானாடுகாத்தானில் எனக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
ஒன்றில்கூட மீட்டர் பெட்டியைத் தாண்டி
உள்ளே போனதில்லை.

பூட்டிய வீடென்றால் சாத்தையா சாவியோடு வருவார்,
ஓராள் நுழையக் கதவைத் திறப்பார்.
எண்ணைக் குறிப்பேன், படமெடுப்பேன்.
படம் இல்லாவிட்டால் ஆபீஸ் நம்பாது.
நாலாயிரத்து நூற்றெட்டு.
இரண்டு மாதம் கழித்து
அதே நாலாயிரத்து நூற்றெட்டு.
நுகர்வு: பூஜ்யம்.
அத்தனை தூண், அத்தனை நிலைக்கண்ணாடி,
ஒரு குண்டு பல்பு எரியவில்லை.

படமெடுப்பது சம்பளத்துக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.
ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில்
செல்போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போகையில்
பார்த்தேன், எண்களுக்கு மேலே
மீட்டர் கண்ணாடியில் ஒருத்தி.
கழுத்தில் அடையாள அட்டை, நெற்றியில் வியர்வை,
கண்ணைச் சுருக்கி என்னையே பார்க்கிறாள்.
எல்லாப் படத்திலும் இருக்கிறாள்.

கல்யாண ஆல்பத்தில் இருப்பவளை எனக்குத் தெரியாது.
தாடையைத் தூக்கு, கொஞ்சம் சிரி என்று
அவளை யாரோ செய்தார்கள்.
இவளை யாரும் செய்யவில்லை.

அதற்கப்புறம்தான் கேமரா.
காரைக்குடியில் ஒரு கடையில், பழையது,
ஏழாயிரத்து ஐந்நூறு, லென்ஸ் மூடி கிடையாது.
இதில் என்ன கிடைக்கும் என்றார் வயிரவன்.
தெரியாது என்றேன்.
ஞாயிறு முழுக்க ஊருணியில் தூண்டில் போட்டுவிட்டு
வெறுங்கையோடு வருகிற மனிதர்.
திரும்பக் கேட்கவில்லை.

வெளியூர்ப் படக்காரர்கள் வருவார்கள், மார்கழி முழுக்க.
தெரு நடுவில் காலூன்றி
"கொஞ்சம் நகருங்கம்மா" என்பார்கள்.
நகர்ந்திருக்கிறேன்.
அந்தப் படங்களில் பளிச்சென்று இருப்பது
நான் நகர்ந்த இடம்.

நான் எடுப்பதை யாருக்கும் காட்டியதில்லை.
பூட்டின் துளைக்குள் குளவி கட்டிய மண்வீடு.
சாத்தையாவின் கொத்தில்
நூல் சுற்றிய ஒரே ஒரு சாவி.
வெள்ளைச் சுவரில் மின்கம்பியின் நிழல்,
நிழல்மேல் நிழலாக ஒரு காகம். அது அசைந்துவிட்டது.
நன்றாக இருக்கிறதா என்றால் தெரியாது.
ஒன்று மட்டும் தெரியும்:
வெறுமனே நான் ஒரு வாசலில் நின்றால்
"யாரு, என்ன வேணும்?" என்று குரல் வரும்.
கையில் இது இருந்தால்
எதுவும் வேண்டாமலே நிற்கலாம்.

சித்திரை.
அந்த வீட்டில் எண் நகர்ந்திருந்தது.
நாலாயிரத்து நூற்றுப் பதினொன்று.
மூன்று யூனிட்.
நூறுவரை காசே கிடையாது,
ஆனாலும் சாத்தையா தரையைப் பார்த்தார்.

"அவளுக்கு அம்மை போட்டிருந்துச்சு.
குடிசையில தகரம் காயுது.
நாலு ராத்திரி. ஃபேன் மட்டும்."

எழுதிக்கொண்டேன். படமெடுத்தேன்.
கண்ணாடியில் என் தோளுக்குப் பின்னால் அவர்,
அவருக்குப் பின்னால் சுருட்டிய பாய்,
தரையில் நாலைந்து காய்ந்த வேப்பிலை,
கூட்டும்போது தப்பியவை.
ஆபீஸில் யாரும் எண்ணைத் தாண்டிப் பார்க்கப்போவதில்லை.

பையிலிருந்த கேமராவைக் கண்டுவிட்டுக் கேட்டார்,
"இதுல என்னைய ஒண்ணு எடுப்பீகளா?"
எங்கே நிற்கிறீர்கள் என்றேன்.
யோசிக்கவே இல்லை, உள்ளே நடந்தார்.
முதல் கட்டு தாண்டி, இரண்டாம் கட்டு.
செருப்பைக் கழற்றினேன்.
மீட்டர் என் முதுகுக்குப் பின்னால் போனது.

அந்த ஃபேனுக்குக் கீழே போய் நின்று
துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்,
பிறகு என்ன நினைத்தாரோ
தோளிலேயே போட்டுக்கொண்டு
சுவிட்சைத் தட்டினார்.

வெளிச்சம் போதவில்லை. கை நடுங்கிவிட்டது.
படத்தில் முகம் விழவில்லை.
மேலே ஒரு சாம்பல் வட்டம்,
கீழே வேட்டியின் வெள்ளை,
துண்டின் ஒரு முனை பறக்கிறது.
இன்னொன்று எடுக்கிறேன் என்றேன்.

திரையை வாங்கி
கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
நெடுநேரம் பார்த்தார்.
"வேணாம்," என்றார்,
"காத்து விழுந்திருக்கு."