கெட்டுப்போன நகல்

காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஜெராக்ஸ் கடை என்னுடையது.
பக்கம் இரண்டு ரூபாய். லேமினேஷன் இருபது.
வரும் காகிதத்தைப் படிக்கக் கூடாது என்பது
தொழில் ஒழுக்கம்.
எல்லாவற்றையும் படித்துவிடுவேன்.

தேங்காய்க் களத்தில் முப்பத்தொரு வருடம்
பருப்புக்கு எடை போட்டவர் மாரப்பன்.
பங்குனி வெயிலில் மஞ்சள் பையோடு வந்தார்.
"அம்மிணி, பாலிசி அத்தனையும் ஒரு காப்பிங்.
பதினொரு மணிக்குள்ள அனுப்போணும்."

யாருக்குங்க?

"கம்பெனிக்காரப் பையனுக்கு.
மூணு லட்சத்து எண்பத்திரண்டாயிரம்
போனஸ் கெடக்குதாம் எம்பேர்ல.
வரி பதினெட்டாயிரத்து ஐந்நூறு மட்டும்
முன்னாலயே கட்டோணுமாம்."

ஆஸ்பத்திரிப் பாலிசிக்கு
ரொக்கமா எவனுங்க போனஸ் தருவான்,
முன்பணம் கேட்டாலே திருட்டுங்க என்றேன்.
"நம்மூர்ப் பேச்சுப் பேசுறானுங்" என்றார்.
அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பதுபோல.

பாலிசியின் பின்பக்கத்தில்
பொடி எழுத்தில் இருந்த எண்ணுக்கு
நானே அடித்து ஸ்பீக்கரில் போட்டேன்.
தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது.
அழுத்தியதும் இந்தி பேசியது.
பிறகு வயலின்.
பதினேழு நிமிடம் வயலின்.
நடுநடுவே ஒரு பெண்
எங்கள் அழைப்பு அவர்களுக்கு முக்கியம் என்றாள்.

அதற்குள் அவர் சட்டைப்பையில் மணி அடித்தது.
"ஏனுங்கய்யா, சாப்ட்டீங்களா?
பேங்குக்கு வெயில்ல நடக்காதீங்,
ஆட்டோ புடிச்சுப் போங்."

நிஜம் என் மேஜையில் வயலின் வாசித்தது.
பொய் அவரை
நிழலில் போகச் சொன்னது.

"பாத்தீங்களா" என்றார் மாரப்பன்.
"பாவாத்தா முட்டி ஆபரேஷன் வரைக்கும் தெரியுது.
நான் பில்லு ஓரத்துல
பென்சில்ல ஒரு கூட்டல் போட்டிருந்தனுங்.
அதுல பத்து ரூபா விட்டுட்டீங்கய்யான்னு
திருத்திச் சொன்னானுங்க.
கம்பெனிக்காரன் இல்லாம
வேற எவனுக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும்.

தை மாதம் அந்தப் பில்லை எடுத்தபோது
பென்சில் எழுத்தும் சேர்ந்தே விழுந்துவிட்டது.
கம்பெனிக்குச் சுத்தமாப் போகோணுமுங் என்று
இதே மேஜையில் ரப்பர் கேட்டு வாங்கி
அழித்துக் கொடுத்தார்.
மறுபடி எடுத்தேன்.
முதல் நகலை மேஜைக்கடியில்
அட்டைப்பெட்டியில் போட்டேன்.
பாலிசி எண், பிறந்த தேதி, போன் நம்பர்,
அந்தத் தப்பான கூட்டல்.
பெட்டி நிறைந்ததும்
பழைய பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போட்டேன்.
அங்கிருந்து அது எந்தக் கை மாறியதோ.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
நிறுத்திவிட்டுச் சொன்னேன்.
தலைகுனிந்துதான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்,
தராசு முள் நிற்கட்டும் என்று பார்க்கிற பார்வை.
"கிலோ என்ன வெலைக்குங் போட்டீங்?"
ஒன்பது ரூபாய் என்றேன்.
"எடை சரியா இருந்துச்சுங்களா?"
கேலியா, பழக்கமா, இன்றுவரை பிடிபடவில்லை.

போன் மறுபடி அடித்தது.
அவர் எடுக்கவில்லை. அணைக்கவும் இல்லை.
அடித்து ஓயும்வரை
கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.
வயலின் அதற்கு முன்பே அறுந்துவிட்டிருந்தது.

பதினான்கு பக்கத்துக்கும் காசு நீட்டினார்.
வேண்டாமுங்க என்றேன்.
"எடுத்ததுக்கு எடுத்ததுதானுங்" என்று
சில்லறையை வைத்துவிட்டு
நகல்களையும் ஒன்று விடாமல் எண்ணி
பையில் போட்டுக்கொண்டு போனார்.

இப்போது சுவரில் பெரிதாக
1930 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்,
பணம் பறிபோனால் கூப்பிடும் எண்.
அது என்ன வருஷமுங்க என்று கேட்கிறார்கள்.
ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கெட்டுப்போன தாள்களை
சாயங்காலம் கிழித்து வாளியில் ஊறப் போடுகிறேன்.
இந்த மை தண்ணீரில் கரையாது.
தாள் கூழானாலும்
ஆதாரின் எண்கள் துணுக்குத் துணுக்காக மிதக்கும்,
கூடவே யாருடையதோ பாதி நெற்றி.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
முழங்கை வரை விட்டுப்
பிசைகிறேன்.