பதினொரு மாதம்

பர்மா சாலைப் பல் மருத்துவமனையில்
மருத்துவர் கேட்பதை எடுத்து நீட்டுவது என் வேலை.
எதிர்வீட்டு ஊய் தெய்க் ஹுவாட்டின் டபுள் பாஸ்
ஹோட்டல் ஏர்கானுக்கும் வீதி வெயிலுக்கும் அலைந்து
விளிம்பில் வாய் பிளந்திருந்தது.
ஒட்டிவிடலாம் என்றேன்.
எதை நம்பிச் சொன்னேனோ.

கத்தியைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பியதில்
மேற்பலகையில் ஓடியது விரிசல்
என் முழங்கை நீளத்துக்கு.
அவன் கத்தவில்லை.
தே ஓவைக் குடித்து முடித்தான்.
"நீயே சரிபண்ணு. எத்தனை மாதமானாலும்."

சோற்றுக் குக்கரில் தோல்பசை காய்ச்சினேன்;
அத்தனை நாளும் கடைச் சாப்பாடு.
பல் பார்க்கும் சிறு கண்ணாடியை
எஃப் துளைக்குள் விட்டால்
பெரிய வாய், நாக்கில்லை.
ஓர் இருபது சென், கரப்பான் முட்டைகள்,
முன்பு எவனோ ஊற்றிய எப்பாக்ஸி.
அதைச் சுரண்டி எடுக்கவே தீபாவளி வந்துவிட்டது.

உள்ளே நிற்கும் ஒலிக்கம்பு
இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் வேறு குரல்.
நகர்த்தினேன். மீட்டினேன். நகர்த்தினேன்.
கீழ்வீட்டு அமிர்தகௌரி
துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள்.
ஒருநாள் இடிக்கவில்லை.
அன்று கம்பை அங்கேயே விட்டேன்.

கஞ்சில் காரின் சன்னலில் கழுத்தை நீட்டியபடி
அது வீடு மாறிப் போனது,
எதிர்வீடுதான் என்றாலும்
முதலில் பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த்தில் ஒரு கச்சேரி.

இப்போது என் கதவருகே பிறருடையவை நான்கு.
ஐந்தாவது நான் செய்வது;
மேற்பலகை இன்னும் ஏறவில்லை.
ஊய் அதன் முதுகைத் தட்டிப் பார்க்கிறான்.
"விரிசல் எங்கே?"

வரும், என்கிறேன்.
முதலில் யாராவது வாசிக்கட்டும்.